டேக்கை வெட்டாதே

போர்டு ஒன்று வந்து நிற்கும். செல்வலட்சுமி அதை வட்டக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து, ஈயம் வைத்த புள்ளிகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு போவாள். ஒழுங்காக இருந்தால் பச்சைத் தட்டு. ஒட்டாமலோ கருகியோ இருந்தால் சிவப்புத் தட்டு. முன்னது ஓகே, பின்னது என்ஜி. அந்த லைனில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு உலகமே இந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போயிருந்தது. கேன்டீன் சாம்பார் என்ஜி. புதிதாக வந்திருக்கும் பஸ் டிரைவர் ஓகே.

அன்றைக்குக் கண்தான் போர்டில் இருந்தது. மனசு வல்லம் வடகால் ஹாஸ்டலில், அறைத்தோழி முப்பிடாதியின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. செல்வலட்சுமியின் போன் அங்கேதான் இருந்தது. அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வரும். நம்பரைச் சொன்னால்தான் பார்சல் கைக்கு வரும். பார்சலுக்குள் ஒரு குர்தா. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் பெர்மனென்ட் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும்.

கம்பெனிக்குள் போன் கூடாது. டெலிவரிக்காரர்களோ பகலில்தான் வருவார்கள். அதனால் ஹாஸ்டலில் அறைக்கு அறை ஓர் ஏற்பாடு இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவள்தான் போன் காவல். பகல் ஷிப்டுக்காரிகள் போனையெல்லாம் அவள் தலைமாட்டில் அடுக்கிவிட்டுப் பஸ் ஏறுவார்கள். யார் போனுக்கு என்ன பூட்டு என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த வாரம் காவல் முப்பிடாதி. அதுதான் செல்வலட்சுமிக்குப் பயம். முப்பிடாதியை எழுப்புவது செம்பரம்பாக்கம் மதகைத் தூக்குகிற மாதிரி. லேசில் தூக்க முடியாது, தூக்கிவிட்டால் வசவு கரைபுரண்டு வரும்.

திங்கட்கிழமை லைன் சூப்பர்வைசர் பிரசன்னாதான் விஷயத்தைச் சொன்னான்.

"செல்வி, பெர்மனென்ட்டுக்கு உன் பேரும் போயிருக்கு. சனிக்கிழமை மேனேஜ்மெண்ட் வர்றாங்க. பார்மல்ஸ்ல வந்துடு."

"பார்மல்ஸ்னா என்ன சார்?"

"அதான்மா..." என்று அவன் தன் சட்டையையே ஒருமுறை குனிந்து பார்த்தான். "டீசண்டா."

மூன்று வருஷமாக அவள் அந்த லைனில், அந்த ஸ்டூலில்தான் இருந்தாள். ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவார். ஒரு வாரம் சங்கரன்கோவிலுக்குப் போய் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். வந்ததும் புது அட்டை கொடுத்து, புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெர்மனென்ட் ஆட்களின் கோட்டுக்கு நீலக் காலர், கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். நீலக் காலர்க்காரி ஊருக்குப் போனால் அது லீவு. சாம்பல் காலர்க்காரி போனால் அது வேலை போய்த் திரும்பக் கிடைப்பது.

அறையில் டீசண்ட் என்று சொல்லும்படி எதுவுமில்லை. எல்லோரிடமும் இருந்தது நைட்டியும், நைட்டிக்குச் சற்று மேலான சுடிதாரும். கடைக்குப் போவதென்றால் ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டும். வார்டன் பெருந்தேவி ஞாயிற்றுக்கிழமை தவிர அவுட்பாஸ் தர மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்டர்வியூ முடிந்துவிடும்.

"போன்லயே எடுத்துரலாம்ட்டி," என்றாள் கவியா. அவள் அந்த அறையின் ஷாப்பிங் சூப்பர்வைசர். எந்தத் துணி சாயம் போகும் என்று முகம் தெரியாத பெண்கள் எழுதியதையெல்லாம் படித்துப் படித்து, அவர்களைச் சொந்தக்காரிகள் மாதிரியே பேசுவாள். "மதுரைல ஒருத்தி எடுத்திருக்கா. ரெண்டு தண்ணி பாத்தும் அப்படியே இருக்காம். நீலமே எடு. ராசியா இருக்கட்டும். சைஸ் என்ன?"

"எல்லு."

"யாரு சொன்னா?"

"கோட்டுலதான் போட்டிருக்கே."

யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஊரில் அவளுக்கு எல்லாம் டெய்லர் தைத்தது. டேப்பைச் சுற்றி அளவெடுத்து அவரே வைத்துக்கொள்வார். அவள் வாழ்க்கையில் எழுத்துப் போட்டு வந்த ஒரே துணி கம்பெனிக் கோட்டுதான். மூன்று கான்ட்ராக்டரும் எல்லுதான் கொடுத்திருந்தார்கள். கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. கவியா கோட்டில் எக்ஸ்எல் என்று இருந்தது. அவள் அதைத் தன் ரத்தப் பிரிவு மாதிரி நம்பியிருந்தாள். இதுவரை கவியா போனில் வாங்கியதெல்லாம் புடவை, நைட்டி, கம்மல். அதற்கெல்லாம் சைஸ் கிடையாது.

"அப்ப எல்லு," என்று கவியா அமுக்கினாள். பிறகு விரலைத் தூக்கி, அறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டத்தை மறுபடி சொன்னாள். "ஏழு நாளைக்கு டேக்கை வெட்டப்படாது. வெட்டினா உன் துணி, வெட்டலன்னா அவன் துணி."

"பெர்மனென்ட்னு சொன்ன அன்னைக்கே வெட்டுதேன்," என்றாள் செல்வலட்சுமி. "இல்லன்னு சொல்லிட்டா அதை வச்சு நான் என்ன செய்ய? திருப்பிர வேண்டியதுதான்."

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஹாஸ்டல் கேட்டில் பெருந்தேவி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"வாடியம்மா. உன் பார்சலால இன்னிக்கு என் மானம் பூட்ச்சு."

"வந்துட்டா அக்கா?"

"இரு, சொல்றேன். அந்தத் தம்பி போன் போட்டுகினே கீறான். உங்க முப்புடாதி எடுத்து ராங் நம்பர்னு வச்சிட்டுத் தூங்குது. அப்பால அவன் கேட்டாண்ட நின்னுகினு செல்வலட்சுமி, செல்வலட்சுமின்னு கூவுறான். தெருவே வேடிக்க பாக்குது. நான் மாடி ஏறிப் போயி உலுக்குறேன், ஓகேன்னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிப் படுக்குது."

"நம்பர் சொன்னாளா இல்லியாக்கா?"

"சொன்னா! எந்தப் போன்ல வந்துதுன்னு தெரியாம ஒண்ணொண்ணா எடுத்து ஜன்னல் வழியா கூவுறா. கேஸ் நம்பரு, பேங்க் நம்பரு, அல்லாம். கீழ அவன் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாக்குறான். கடைசில ஒண்ணு மாட்டிக்கிச்சு. போயி உங்க பேங்க்ல காசு கீதான்னு பாத்துக்கோங்கடி."

மேலே முப்பிடாதி எழுந்து உட்கார்ந்து, நைட் ஷிப்டுக்குப் போகுமுன் தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பார்சலைக் காலால் நகர்த்திவிட்டாள்.

"இந்தா. ஒன் குர்தாவால என் தூக்கம் என்ஜி."

நீலம் நல்ல நீலம். மதுரைக்காரி பொய் சொல்லவில்லை. செல்வலட்சுமி அதைத் தலைவழியாக மாட்டினாள். தலை வெளியே வந்தது. கைகள் வெளியே வரவில்லை. தோள் முழங்கைக்கு இறங்கியது, ஓரம் கணுக்காலைத் தொட்டது.

முப்பிடாதி சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டாள். "ஏட்டி, நானும் உள்ள வந்துரட்டா? ரெண்டு பேருமா இன்டர்வியூக்குப் போயிருவோம்."

"எல்லுதானே போட்டேன்!" கவியா கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எல்லுதான். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து, குர்தாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே அகலம். 

"அப்ப நீ எல்லு இல்லட்டி," என்றாள் முப்பிடாதி.

"மூணு வருசமா எல்லுதானே போட்டிருக்கேன்?"

"மூணு வருசமா சாக்குக்குள்ள இருந்திருக்க. எவளாது சொன்னாளா? நானும் எக்ஸ்எல் போட்டுட்டுதான் கிடக்கேன்," என்றாள் கவியா.

மாற்றித் தருவார்கள்; ஆனால் அதற்குள் இன்டர்வியூ போய்விடும். பிடித்துத் தைத்தால் ஊசி ஓட்டை விழும், பின் குத்தினாலும் விழும், திருப்ப முடியாது. கவியா மொட்டைமாடிக்கு ஓடி, கொடியில் கிடந்த துணிக் கிளிப்புகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தாள். உபரித் துணியை முதுகுப்பக்கம் இழுத்து மடித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகக் கிளிப் போட்டாள். முன்னால் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. டேக்கை மடித்து முதுகுக்குள் செருகினாள்.

"திரும்பாம நிக்கணும். சாயாம உக்காரணும். வரும்போது பின்னாலயே நடந்து வந்துரு."

மறுநாள் காலை செல்வலட்சுமி குர்தாவுக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கூப்பிட்டதும் லாக்கர் ரூமில் கோட்டைக் கழற்றிவிட்டு, அட்மின் கட்டிடத்துக்கு அப்படியே போய்விடலாம் என்பது திட்டம். கம்பெனிக் கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பொண்ணு கையில் சோதனைக் கருவியை வைத்துக்கொண்டு நின்றாள். முன்பக்கம் ஒன்றும் சொல்லாத கருவி, முதுகுக்குப் போனதும் கத்த ஆரம்பித்தது. மேலே ஒருமுறை கத்தியது. கொஞ்சம் கீழே இறக்கினால் மறுபடி. இடுப்புவரை ஒவ்வொரு கிளிப்புக்கும் தனித்தனியாகக் கத்தியது.

திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள் சின்னப்பொண்ணு.

"இன்னாமா இது? கொடியோட வந்துகிறயா?"

"அக்கா, இன்டர்வியூ. கொஞ்சம் விடுங்கக்கா."

"இரும்பு உள்ள போவக் கூடாது. தெரியாதா உனக்கு? ஒரு போர்டுல பட்டா என் வேல பூடும்." சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கவரில் போட்டு, டோக்கன் கிழித்துக் கையில் கொடுத்தாள். கை டோக்கனில் இருந்தாலும் கண் குர்தாவில் இருந்தது. "கலரு நல்லாகீது. ஆன்லைனா?"

லாக்கர் ரூமில் குர்தா மறுபடி கணுக்காலுக்கு இறங்கியது. கோட்டுக்குக் கீழே உள்துணி தொங்கினால் லைனுக்குள் விடமாட்டார்கள். செல்வலட்சுமி ஓரத்தைப் பிடித்து மேலே சுருட்டிக்கொண்டே வந்து, இடுப்பைச் சுற்றித் தலை ரிப்பனால் கட்டினாள். கோட்டுப் பட்டனை இழுத்துப் போட்டாள். கோட்டு எல் சைஸாக இருந்தது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

பதினொரு மணி வாக்கில் பிரசன்னா வேகமாக வந்தான். "செல்வி, வா வா. அவங்களுக்கு பிளைட்டுக்கு நேரமாச்சாம். அட்மின்ல இல்ல, இங்கயே கண்ணாடி ரூம்ல பாக்குறாங்க."

"சார், லாக்கர் ரூமுக்குப் போயிட்டு..."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. அப்படியே வா."

கண்ணாடி அறையில் டை கட்டிய ஒருவரும், கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த அவர்களும் மேலே வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார்கள். கோட்டில் இன்னும் மடிப்பு கலையவில்லை. இருவருக்கும் தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கேப்புக்கும் மாஸ்க்குக்கும் நடுவே செல்வலட்சுமியின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"சார், கோட்டைக் கழட்டிக்கட்டுமா?"

"நோ நோ. இந்த ரூமும் லைன் ஏரியாதான். உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். சுருட்டி வைத்திருந்த துணி மடியில் எழும்பி நின்றது. மேடம் பைலைப் பார்த்தாள். பைலிலிருந்து அவள் வயிற்றைப் பார்த்தாள். மறுபடி பைலைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல மேடம்."

மேடம் இன்னொரு தடவை வயிற்றைப் பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் சொல்லும்மா. பயப்படாத. பெர்மனென்ட்டுக்கு மெடிக்கல் உண்டு. அங்க எப்படியும் தெரிஞ்சிடும்."

செல்வலட்சுமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாஸ்க்குக்குள் முகம் கொதித்தது.

"மேடம், அது குர்தா."

"என்னது?"

"குர்தா மேடம். உள்ள போட்டிருக்கேன். சைஸ் பெருசாப் போச்சு. சுருட்டிக் கட்டியிருக்கேன்."

டை கட்டியவர் பேனாவை மூடித் திறந்தார். "எதுக்கு?"

"டீசண்டா வரச் சொன்னாங்க சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் ஏதோ எழுதினாள். எழுதியது நீளமாக இருந்தது. டை கட்டியவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"இங்க எவ்வளவு நாளா இருக்க?"

"மூணு வருசம் சார்."

"சிஸ்டத்துல பத்து மாசம்தான் காட்டுது."

"அதுக்கு முன்னாடி வேற கான்ட்ராக்டர் சார். அதே லைன்தான். அதே ஸ்டூலுதான்."

"அப்ப அது வேற கம்பெனி."

"இல்ல சார், இந்தக் கம்பெனிதான். பிரசன்னா சாரைக் கேளுங்க."

"உனக்கு இந்தக் கம்பெனிம்மா. சிஸ்டத்துக்கு வேற." அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "தொடர்ச்சியா ஒரு வருஷம் இருக்கணும். இதுல பார்த்தா நீ பிரெஷர், புது ஆள். ஓகே, நீ போலாம்."

அந்த ஓகேக்கு எந்தத் தட்டு என்று அவளுக்கு விளங்கவில்லை. எழுந்தாள். ரிப்பன் அவிழ்ந்து, குர்தா கோட்டுக்குக் கீழே பொத்தென்று விழுந்து, இரண்டு பாதத்தையும் மூடியது. அதையாவது அவர்கள் பார்த்தார்களா என்று திரும்பினாள். மேடம் அடுத்த பைலைத் திறந்திருந்தாள்.

மத்தியானம் பிரசன்னா அவள் ஸ்டூல் பக்கம் வந்து, ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்தத் தடவ இல்லம்மா. ஒரு வருஷம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"பதினோரு மாசத்துல மாத்திருவாங்களே சார். ஒரு வருசம் எப்படி சார் முடியும்?"

அவன் தலைக்கு மேலே, போர்டு தேங்கினால் எரியும் மஞ்சள் விளக்கைப் பார்த்தான். "போர்டு நிக்குது பாரு," என்றான். நின்றது உண்மைதான்.

சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துக் கிளிப்புகளை வாங்கிக்கொண்டாள். அவுட்பாஸ் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் ஹாஸ்டல் கேட்டில் நின்றாள். குர்தாவைத் திருப்பி எடுக்க அதே பையன்தான் வந்தான். உதயசூரியன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்தான்.

"அந்தத் தூங்குற சிஸ்டர் இல்லியே? அன்னிக்கு அவங்க கூவுனதுல பாதித் தெரு பேங்க் நம்பர் எழுதிக்கிச்சு."

"இல்ல. நாந்தான். இந்தாங்க."

அவன் குர்தாவை உதறி வெயிலுக்கு நேராகப் பிடித்தான். "கோச்சுக்காதீங்க சிஸ்டர், செக் பண்ணித்தான் எடுக்கணும். தப்பா எடுத்தா என் தலைல கட்டிருவானுங்க." டேக்கைப் பிடித்துப் படம் எடுத்தான். கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். தையலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக விரலால் நீவிக்கொண்டே வந்தான். ஓரத்தை மடித்துப் பார்த்தான். மோந்தும் பார்த்தான்.

செல்வலட்சுமி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்குள் பக்கம் பாக்கலியே நீங்க. கறை இருந்தா அங்கதான் இருக்கும்."

"அட, நீங்க இன்னா, என்னிய மாட்டிவுடறீங்க?" என்று சிரித்துக்கொண்டு அதையும் பார்த்தான். "இல்ல. சுத்தமாகீது. ஒருவாட்டியாச்சும் போட்டீங்களா?"

"போட்டேன். யாரும் பாக்கல."

"யாரும் பாக்கலன்னா போடாத கணக்குதான் சிஸ்டர்." போனை அமுக்கினான். திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அவளுக்கும் திருப்பிக் காட்டினான். "ஓகே ஆய்டுச்சு. இன்னா காரணம் போட? சைஸ் பெருசா?"

"ஆமா."

"சின்னது அனுப்பச் சொல்லட்டா? மாத்திக் குடுப்பாங்க. எத்தினிவாட்டி கேட்டாலும் மாத்துவாங்க."

"வேண்டாம்," என்றாள்.

அவன் குர்தாவை மடித்துக் கவரில் போட்டு ஒட்டி, முதுகுப் பையில் மற்ற கவர்களோடு நிறுத்தி வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் கான்ட்ராக்டர் மாறினார். செல்வலட்சுமி ஒரு வாரம் சங்கரன்கோவிலில் இருந்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். ஸ்டோர் ஜன்னலில் புது அட்டையும் புதுக் கோட்டும் கொடுத்தார்கள். சாம்பல் காலர். பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே எல் என்று தெரிந்தது.

"அண்ணே, சின்ன சைஸ் இல்லியா?"

"இருக்கறது இதான்மா. போட்டுக்கோ, வளந்துடுவே."

"மூணு வருசமா இதையேதான் சொல்லுதிய."

"மூணு வருஷமா? அட்டைல இன்னிக்கு ஜாயினிங்னு போட்டிருக்கே," என்று ஸ்டோர்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதிதாகச் சேர்ந்தவர்களை லைன் ஓரமாக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். கேப்பை எந்தப்பக்கம் போடுவது என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வலட்சுமி கடைசியில் நின்றாள். பிரசன்னா வரிசையின் முதலிலிருந்து பேசிக்கொண்டே வந்து, அவளைப் பார்த்ததும் கையைக் காட்டி முன்னால் அழைத்தான்.

"எல்லாரும் கவனிங்க. எது ஓகே, எது என்ஜின்னு இவங்க சொல்லித் தருவாங்க. இவங்க கை எப்படிப் போகுதுன்னு பாருங்க."

அவள் வரிசையிலிருந்து வெளியே வந்து, வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கோட்டுக் கையை இரண்டு மடிப்பு மடித்தாள். பழைய ஸ்டூலில் உட்காரக் குனிந்தபோது, காலருக்குப் பின்னாலிருந்து நூலோடு ஓர் அட்டை வெளியே வந்து தொங்கியது.

"என்னம்மா இது, டேக்கை வெட்டலியா?" என்றான் பிரசன்னா.

"இருக்கட்டும் சார்," என்றாள் செல்வலட்சுமி. "ஏழு நாள் ஆகட்டும்."

அட்டையைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள். முதல் போர்டு வந்து நின்றது.